சிங்கப்பூர்–நியூயார்க்: 100 இருக்கையா, 161ஆ, 264ஆ?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தூரத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று விதமாகக் கடந்து பார்த்திருக்கிறது. 2008 முதல் 2013 வரை நான்கு என்ஜின் ஏர்பஸ் ஏ340-500இல் வெறும் 100 பிசினஸ் இருக்கைகளோடு நேராகப் பறந்தது. 2018 அக்டோபர் முதல் இரண்டு என்ஜின் ஏ350-900 யூஎல்ஆரில் (அதிநெடுந்தூரப் பயணத்துக்கான வகை) 67 பிசினஸ், பிசினஸுக்கும் எக்கானமிக்கும் இடைப்பட்ட 94 பிரீமியம் எக்கானமி, ஆக 161 இருக்கைகளோடு பறக்கிறது. அதில் சாதாரண எக்கானமியே கிடையாது. மூன்றாவது, ஃபிராங்ஃபர்ட்டில் நின்று போகும் பழைய வழி. அதை போயிங் 777-300இஆர் கொண்டு ஓட்டினால் 4 முதல் வகுப்பு, 48 பிசினஸ், 28 பிரீமியம் எக்கானமி, 184 எக்கானமி என 264 பேர் போகலாம்.

ஒரே நிறுவனம், ஒரே இரண்டு ஊர்கள். ஆனாலும் இருக்கை எண்ணிக்கை இரண்டரை மடங்கு வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் புரிந்துகொண்டால், எந்த ஊருக்கு எந்த விமானம், எத்தனை இருக்கை என்று நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அங்குலமும் கிலோவும்

கேபினை வாடகைக்கு விடும் இடமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏ350இல் பிசினஸ் வரிசைக்கு வரிசை 60 அங்குலம்; குறுக்கே 4 பேர். ஒருவருக்கு விழுவது 15 அங்குல நீளம். பிரீமியம் எக்கானமி 38 அங்குலம், குறுக்கே 8 பேர், ஒருவருக்கு 4.75. எக்கானமி 32 அங்குலம், 9 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 3.6. அதாவது ஒரு பிசினஸ் பயணி நான்கு எக்கானமி பயணிகளின் இடத்தையும் இன்னும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்கிறார். பிரீமியம் எக்கானமிப் பயணி பிடிப்பது ஒன்றேகால் முதல் ஒன்றரை பேரின் இடம்.

இந்தக் கணக்கு நிஜத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. இதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350இல் 42 பிசினஸ், 24 பிரீமியம் எக்கானமி, 187 எக்கானமி, மொத்தம் 253. மேலே சொன்ன அளவுகளால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 1,410 அங்குலம் வரும். யூஎல்ஆரின் 67, 94 ஆகியவற்றைப் பெருக்கினால் சுமார் 1,450. சமையலறை, கழிப்பறை இடமாற்றங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே தரைப்பரப்புதான். அந்தத் தரையை எப்படி வெட்டி விற்பது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

இனி விலை. கணக்குக்காக மட்டும், ஒரு வழிக்குச் சராசரியாகப் பிசினஸுக்கு 3,000 டாலர், பிரீமியம் எக்கானமிக்கு 1,100, எக்கானமிக்கு 650 கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு எக்கானமி 180 டாலர், பிசினஸ் 200, பிரீமியம் எக்கானமி 230. பிசினஸ் டிக்கெட் விலையைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிசினஸில் ஐந்தில் ஒரு இருக்கை காலியாகப் போய், எக்கானமியில் பத்தில் ஒன்றுதான் காலி என்றால், பிசினஸ் எக்கானமியைவிடக் கீழே இறங்கிவிடும். நடு வகுப்புதான் சத்தமில்லாமல் முன்னால் நிற்கிறது.

பிறகு ஏன் யூஎல்ஆரில் 67 பிசினஸ்? விடை அங்குலத்தில் இல்லை, கிலோவில் இருக்கிறது.

அந்த விமானம் புறப்படும்போது அதிகபட்சம் 280 டன் இருக்கலாம். வழக்கமான ஏ350-900இல் 1,41,000 லிட்டர் கொள்ளும் எரிபொருள் அமைப்பை, கூடுதல் தொட்டி எதுவும் வைக்காமலே 1,65,000 லிட்டருக்கு உயர்த்தினார்கள். முழுக்க நிரப்பினால் அது மட்டும் சுமார் 130 டன். புறப்படும் எடையில் ஏறக்குறையப் பாதி. எடையைச் சுமக்க எரிபொருள், அந்த எரிபொருளைச் சுமக்க மேலும் எரிபொருள். ஒரு டன் கூடுதல் சுமைக்கு மணிக்கு அதில் 3 முதல் 4 விழுக்காடு கூடுதலாக எரியும் என்பது துறையில் புழங்கும் தோராயம். 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் தடத்தில் ஒரு டன்னைக் கொண்டுசேர்க்க அரை டன்னுக்கு மேல் எரிந்துபோகும்.

பயணியும் பெட்டியும் சேர்த்து 100 கிலோ என்று கொள்ளுங்கள். எக்கானமி இருக்கை 10, 12 கிலோ. பிரீமியம் எக்கானமி 25ஐ ஒட்டி. படுக்கையாக விரியும் பிசினஸ் இருக்கை 90, 100 கிலோ. இருக்கையையும் ஆளையும் சேர்த்து நிறுத்தினால், கிலோவுக்கு வருமானம் எக்கானமியில் சுமார் 6 டாலர், பிரீமியம் எக்கானமியில் 9, பிசினஸில் 16. தரைக் கணக்கில் தடுமாறிய பிசினஸ், எடைக் கணக்கில் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

ஆகவே திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டியது, "இந்தத் தடத்தில் எனக்கு முதலில் தீர்ந்துபோவது தரையா, எடையா?" என்பதுதான். எட்டு, பத்து மணி நேரத் தடத்தில் பொதுவாகத் தரை முதலில் தீரும். 18 மணி நேரத் தடத்தில் எடை முதலில் தீரும். 253 பேரை ஏற்றினால் சரக்குக்கு இடமிருக்காது, எதிர்க்காற்று பலமான நாளில் சிலரை இறக்கிவிடவும் நேரலாம். எக்கானமி பயணிகளை வேண்டாம் என்று நிறுவனம் முகம் திருப்பியதால் அவர்கள் யூஎல்ஆரில் இல்லாமல் போகவில்லை. அவர்களைச் சுமக்கும் செலவு அவர்கள் தரும் பணத்தைத் தின்றுவிடுகிறது.

100 இருக்கை: இரண்டு பந்தயங்களை ஒன்றாகக் கட்டியது

ஏ340-500 முதலில் இப்படி இல்லை. 2004இல் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் நேர்ப்பயணங்கள் தொடங்கியபோது அதில் 64 பிசினஸ் இருக்கைகளும், குறுக்கே 7 பேர் அமரும் அகலமான எக்கானமி 117 இருக்கைகளும் இருந்தன, மொத்தம் 181. அந்தப் பின்கேபின் இன்றைய பிரீமியம் எக்கானமியின் அண்ணன் என்றே சொல்லலாம். 2008இல் அதை எடுத்துவிட்டு 100 பிசினஸாக மாற்றினார்கள். மே மாதம் நியூவார்க், அதற்குப்பின் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ்.

காலத்தைக் கவனியுங்கள். அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. இந்தத் தடத்தின் முதன்மை வாடிக்கையாளர்களே வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். நான்கு என்ஜின்களோடு 2 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி ஒரு பக்கம், பயணச் செலவைக் குறைக்கச் சொல்லும் நிறுவனங்கள் மறுபக்கம்.

முழுப் பிசினஸ் விமானத்தின் உண்மையான சிக்கல் இருக்கைகள் காலியாவது இல்லை. காலியான இருக்கையை விற்க வேறு ஆள் இல்லாததுதான். மேலே எடுத்த அதே விலைகளை வைத்து ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். முழு விலை கொடுக்கும் பிசினஸ் பயணிகள் நாளொன்றுக்கு 54 பேர்தான் இருக்கிறார்கள் என்று கொள்வோம். 100 இருக்கை விமானத்தில் மேலும் 26 பேரை 2,200 டாலருக்கு இழுத்துப்போட்டால் மொத்த வருமானம் 2,19,200 டாலர். 161 இருக்கை விமானத்தில் அதே 54 பேரும் 80 பிரீமியம் எக்கானமி பயணிகளும் வந்தால் 2,50,000. இப்போது பிசினஸ் தேவை 30 விழுக்காடு சரிகிறது என்று வையுங்கள். முதல் விமானத்தில் 38 பேர் முழு விலை, 18 பேர் குறைந்த விலை: 1,53,600. இரண்டாவதில் 38 பேரும் அசையாத 80 பேரும்: 2,02,000. பயணச் செலவு 2 லட்சம் என்றால் ஒன்று தலைக்கு மேல் வெள்ளம், மற்றது கழுத்தளவு.

இதில் எரிபொருளையும் சேர்க்க வேண்டும். ஒரு வழிக்கு 100 டன் எரிகிறது என்று கொண்டால், டன்னுக்கு 100 டாலர் ஏறும்போதெல்லாம் செலவு 10,000 டாலர் ஏறும். அதை ஈடுகட்ட 100 இருக்கை விமானம் ஒவ்வொரு புறப்பாட்டிலும் முழு விலைப் பயணிகள் மூன்று, நான்கு பேரைக் கூடுதலாகத் தேட வேண்டும், அதுவும் நிறுவனங்கள் பயணத்தைக் குறைக்கும் அதே பருவத்தில்.

2012 அக்டோபரில் ஏர்பஸ்ஸிடம் 5 ஏ380, 20 ஏ350 விமானங்களுக்கு ஆணை கொடுத்தபோது, ஐந்து ஏ340-500களையும் ஏர்பஸ்ஸே திரும்ப வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். 2013 நவம்பரில் நியூவார்க் நேர்ப்பயணம் நின்றது. பயணிகளுக்கு அந்தச் சேவை பிடித்திருந்தது என்பதில் ஐயமில்லை. பிடித்ததும் கட்டுப்படியாவதும் வேறு வேறு.

அட்லாண்டிக்கின் மேலே இதே பாடம் இன்னும் கொடூரமாக நடந்தது. முழுப் பிசினஸ் நிறுவனங்களாகவே பிறந்த மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரிலும், இயோஸ் 2008 ஏப்ரலிலும், சில்வர்ஜெட் 2008 மே மாதத்திலும் மூடின. இயோஸ் 757இல் வெறும் 48 இருக்கைகள் வைத்திருந்தது. இவர்களுக்கு எரிபொருளோடு இன்னொரு பலவீனமும் இருந்தது: பெரிய நிறுவனங்கள் பயண ஒப்பந்தம் போடும்போது ஒரு நாளில் பல புறப்பாடுகள், உலகமெங்கும் தொடர் விமானங்கள், மைல்கள் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கேட்கும். ஒற்றைத் தட நிறுவனத்தால் அதைக் கொடுக்க முடியாது. பாரிஸ்–நியூவார்க் தடத்தில் லா கொம்பனி 76 இருக்கை ஏ321நியோவோடு நிலைத்திருப்பதைப் பார்த்தால், இந்த வகை அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. விமானம் சிறியது, செலவு சிறியது, விலையும் பெரிய நிறுவனங்களின் பிசினஸைவிடப் பெரும்பாலும் குறைவு.

161 இருக்கை: நடுக்கேபின் தாங்கும் சுவர்

இரண்டாவது தேர்வின் பலத்தை மேலேயே பாதி சொல்லிவிட்டோம். என்ஜின் இரண்டாகக் குறைந்தது. ஏ340-500ஐவிட எரிபொருள் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சம். 33 பிசினஸ் இருக்கைகள் பிடிக்கும் நீளத்தில் நூறு பிரீமியம் எக்கானமி இருக்கைகள் அடங்கும். அந்த நூறு பேரில் சொந்தக் காசில் போகும் வயதான பெற்றோர் உண்டு, பிசினஸ் அனுமதிக்காத நிறுவனங்களின் பொறியாளர்கள் உண்டு. வங்கிகள் கைவிடும் மாதத்தில் இவர்கள் கைவிடுவதில்லை.

குறைகளும் உண்டு. முன் சரக்கு அறை பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட அமைப்பு இது. எனவே சரக்கு வருமானம் மெலிந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் விமானிகள் நால்வர். போகப் பதினெட்டரை மணி, வரப் பதினெட்டரை மணி, இரு முனையிலும் திருப்ப நேரம் சேர்த்தால் 42 மணி நேரம் ஓடிவிடும். தினமும் ஒரு விமானம் என்று அட்டவணை போட்டால் இரண்டு விமானங்கள் அதற்கென்றே கட்டுண்டு கிடக்கும். மொத்தம் இருப்பவை ஏழே ஏழு. அமெரிக்கா தவிர வேறெங்கும் அனுப்ப இலாயக்கில்லாத ஏழு. சென்னைக்கோ டோக்கியோவுக்கோ 161 இருக்கையோடு பறந்தால் தரை வீண். மத்திம தூரத்துக்கு இதே ஏ350இல் 40 பிசினஸ், 263 எக்கானமி என்று 303 பேரை ஏற்றும் அமைப்பை இந்த நிறுவனம் தனியே வைத்திருப்பது அதனால்தான்.

2020 நவம்பரில் நடந்தது எடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ரசிக்கத்தக்கது. பெருந்தொற்றின் நடுவே நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்துக்கு நேர்ப்பயணம் தொடங்கினார்கள். ஆனால் யூஎல்ஆரை விட்டுவிட்டு வழக்கமான 253 இருக்கை ஏ350ஐ அனுப்பினார்கள். பயணிகள் குறைவு, சரக்குக்குக் கிராக்கி. ஆள் ஏறாததால் மிஞ்சிய கிலோக்களைச் சரக்கு நிரப்பியது. இருக்கைகள் 253 இருந்தாலும் அது அன்றைக்குப் பாதிச் சரக்கு விமானம்.

264 இருக்கை: ஃபிராங்ஃபர்ட் என்னும் இரண்டாவது கடை

நின்று போவது தோற்றவர்களின் வழி என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர்–ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், ஃபிராங்ஃபர்ட்–நியூயார்க் 6,200. எரிபொருளை இரு தவணையாக ஏற்றலாம். எடைத் தட்டுப்பாடு கிட்டத்தட்ட மறைந்துவிடும். 184 எக்கானமி இருக்கைகளும் நிறையச் சரக்கும் ஒரே நேரத்தில் சாத்தியமாகும். அதோடு ஒரே விமானத்தில் மூன்று சந்தைகளை விற்கலாம்: சிங்கப்பூர்–ஃபிராங்ஃபர்ட், ஃபிராங்ஃபர்ட்–நியூயார்க், சிங்கப்பூர்–நியூயார்க். ஃபிராங்ஃபர்ட்–நியூயார்க் துண்டை மட்டும் தனியே விற்கும் உரிமை எல்லா நாட்டு நிறுவனத்துக்கும் கிடைத்துவிடாது, இங்கே இருக்கிறது.

சிக்கல் எங்கே வரும்? ஃபிராங்ஃபர்ட்–நியூயார்க் துண்டில் லுஃப்தான்ஸாவும் யுனைடெட்டும் கூட்டு வணிக ஒப்பந்தத்தோடு நிற்கின்றன. நிறுவன ஒப்பந்தங்கள் அங்கே அவர்கள் கையில். ஆகவே அந்தத் துண்டில் மூன்றாமவருக்கு மிஞ்சுவது விலை பார்த்து வாங்குபவர்கள். முதல் துண்டில் பிசினஸ் நிரம்பி, இரண்டாவது துண்டில் பாதி காலியாகப் போனால் சராசரி அழகாகத் தெரியும், பணம் தெரியாது. தடத்தின் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே கணக்கிடாத அறிக்கையை நம்பக் கூடாது.

நேரமோ, நிறுத்தத்தோடு சேர்த்து நாலைந்து மணி கூடும். சிங்கப்பூரிலிருந்து போகும் வங்கி அதிகாரி அந்த நேரத்துக்குப் பணம் கொடுப்பார். குடும்பத்தோடு போகிறவர் கொடுக்க மாட்டார். எனவே நேர்ப்பயணம் தொடங்கியதும் நின்று போகும் விமானத்திலிருந்து முதலில் நழுவுவது பிசினஸின் மேல்தட்டுதான். இரண்டையும் சேர்த்து ஓட்டும் நிறுவனம் இதைத் தெரிந்தே செய்ய வேண்டும். நின்று போகும் விமானத்தை ஐரோப்பியத் தடமாகவே மதிப்பிட்டு, அதில் வரும் நியூயார்க் பயணிகளைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்வதுதான் சரியான கணக்கு.

மற்ற இடங்களில் வேறு தட்டுப்பாடுகள்

எடையும் தரையும் போதுமாக இருந்தும், புறப்பாட்டு அனுமதியே கிடைக்காத நிலையங்கள் உண்டு. லண்டன் ஹீத்ரோவில் ஆண்டுக்கு 4,80,000 இயக்கங்கள் என்ற வரம்பு. ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு, அதாவது இறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்படும் நேரங்களுக்கு, ஓமன் ஏர் 2016இல் 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு என்பதை. யுனைடெட் 2019இல் நியூவார்க்–ஹீத்ரோ தடத்துக்கு 767-300இஆரை மாற்றியமைத்தது. பழைய அமைப்பில் 30 பிசினஸோடு 214 இருக்கைகள். புதியதில் 46 பிசினஸ், 22 பிரீமியம் எக்கானமி, 99 எக்கானமி, ஆக 167. மொத்தத்தில் 47 இருக்கை குறைந்தது. ஹீத்ரோவில் பிசினஸ் தேவை நாள் முழுக்கப் பல புறப்பாடுகளில் பரவிக் கிடப்பதால், சிறிய விமானத்தில் அடர்த்தியான முன்கேபின் வைத்து அடிக்கடி பறப்பது, பெரிய விமானத்தில் ஒருமுறை பறப்பதைவிட நல்லது. கூட்டம் முடிந்ததும் அடுத்த விமானத்தைப் பிடிக்க நினைப்பவர்தான் முழு விலை கொடுப்பவர்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் இதை எல்லைவரை கொண்டுபோனது. லண்டன் சிட்டி நிலையத்திலிருந்து 2009இல் 32 இருக்கை ஏ318ஐ நியூயார்க்குக்கு விட்டது. ஓடுபாதை குட்டை; முழு எரிபொருளோடு எழும்ப முடியாது. அயர்லாந்தின் ஷானனில் நிரப்பிக்கொண்டு போனது. நிரப்பும் நேரத்தில் பயணிகள் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். குறையைச் சலுகையாக்கிய கெட்டிக்காரத்தனம். பெருந்தொற்றில் 2020இல் நின்றதோடு சரி.

எதிர்த்திசையில் எமிரேட்ஸ். முதல் வகுப்பையே எடுத்துவிட்டு 58 பிசினஸ், 557 எக்கானமி என 615 இருக்கை ஏ380ஐ 2015இல் கோபன்ஹேகனுக்கு அனுப்பியது. ஆறரை மணித் தடத்தில் எடை சிக்கல் இல்லை. துபாய் வழியாகக் கிழக்கே போகிற எக்கானமிக் கூட்டம் உண்டு. முதல் வகுப்பு வாங்க ஆள் குறைவு.

நம் பக்கத்தில் இதே தர்க்கம் ஓட்டும் நிறுவனத்தையே மாற்றிக் காட்டியது. கோயம்புத்தூருக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான சில்க்ஏர் பிசினஸ் கேபினோடு பறந்துகொண்டிருந்தது. 2019இல் அந்தத் தடம் ஒரே வகுப்பு ஏ320களை ஓட்டும் அதன் மலிவுவிலைத் துணை நிறுவனமான ஸ்கூட்டுக்குக் கைமாறியது. திருச்சியும் ஸ்கூட் வசம். சென்னை மட்டும் தாய் நிறுவனத்தின் பிசினஸ் கேபினைத் தக்கவைத்துக்கொண்டது. ஏறத்தாழ நான்கரை மணி நேரப் பயணத்தில் கோவையின் தொழிலதிபர்கள் பிசினஸ் வாங்க மாட்டார்கள் என்பது இதன் பொருள் ஆகாது. வாங்குபவர்கள் வாரம் முழுக்க ஒரே சீராக இல்லை என்றால், முன்கேபின் சில நாள் நிரம்பும், பல நாள் சும்மா வரும். அந்தத் தரையில் எக்கானமி வரிசைகளைப் போட்டால் தினமும் விற்கும்.

தேவையை அளக்கும்போது எங்கே சறுக்குவார்கள்

பிசினஸ் கேபின் 85 விழுக்காடு நிரம்பியது என்று எழுதியிருக்கும். அதில் மைல்களில் வந்தவர்கள், கடைசி நேரத்தில் மேல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டவர்கள், ஊழியர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் 60 விழுக்காடுதான் என்றால், இருக்கையைக் கூட்டுவது மைல் பயணிகளுக்குச் செய்யும் தருமம்.

அடுத்து, திசை. ஞாயிறு இரவு போவதும் வியாழன், வெள்ளி திரும்புவதும் நிரம்பும். புதன் வெறுமையாக இருக்கும். ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் அலுவலகப் பயணம் ஓயும்; அப்போது விடுமுறைக்குச் செல்பவர்கள் முன்கேபினை வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் இந்த வகை வாங்குநர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முன்கூட்டியே, குறைந்த விலையில் வாங்குவார்கள். ஆகவே கேபின் நிரம்பியதை வைத்துப் பழைய விலைச் சராசரியைப் போட்டால் கணக்கு உப்பிவிடும்.

பல நிறுவனங்களின் பயண விதிகளில், ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தால்தான் பிசினஸ் என்று இருக்கும். இது தடத்தின் நீளத்தைப் பொறுத்துத் தேவையைத் திடீரென்று ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஐந்தரை மணித் தடத்துக்கும் ஆறரை மணித் தடத்துக்கும் இடையே பிசினஸ் தேவையில் பள்ளம் விழுவதற்கு வரைபடத்தில் காரணம் தேடக் கூடாது.

ஒரு தேர்வு தாங்குமா என்று சோதனை போடும்போது பிசினஸ் தேவை 25, 30 விழுக்காடு விழுவதையும் எரிபொருள் 40 விழுக்காடு ஏறுவதையும் ஒரே தாளில் போட வேண்டும். 2008இல் ஒன்றின் வாலைப் பிடித்தே மற்றது வந்தது. தனித்தனியே போட்டால் எல்லாத் தேர்வும் தப்பிப் பிழைக்கும்.

எதை எடுப்பது, 132ஐ என்ன செய்வது

மூன்றில் என் வாக்கு 161க்கு. எரிபொருள் மலிவாக இருக்கும் காலத்திலும் 100க்கு வாக்களிக்க மாட்டேன். மலிவு நிலைக்கும் என்று எழுதிக்கொடுக்க யாரும் இல்லை. 264ஐ நிறுத்தவும் மாட்டேன், ஆனால் அதை ஃபிராங்ஃபர்ட் கணக்கில் எழுதுவேன்.

நிறுவனம் அடுத்த படியை ஏற்கெனவே அறிவித்துவிட்டது. 2024 நவம்பரில் 110 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில் 41 ஏ350களின் கேபினை மாற்றும் திட்டம்; சராசரியாக ஒரு விமானத்துக்கு 2.7 கோடி. அதில் ஏழு யூஎல்ஆர்களும் 4 முதல் வகுப்பு, 70 பிசினஸ், 58 பிரீமியம் எக்கானமி என 132 இருக்கைகளுக்கு இறங்குகின்றன. 36 பிரீமியம் எக்கானமி இருக்கைகள் விட்டுக்கொடுக்கும் நீளம் 171 அங்குலம். அதில் 45 அங்குலம் மூன்று புதிய பிசினஸ் இருக்கைகளுக்கு. மீதி 126 முதல் வகுப்பு நால்வருக்கு. தலைக்கு 31 அங்குலத்துக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது எக்கானமி பயணிகளின் இடம். என் உதாரண விலைகளையும், அதே உதாரணத்தில் கேபின்கள் நிரம்பிய அளவையும் (பிசினஸ் 67இல் 54, பிரீமியம் எக்கானமி 94இல் 80) வைத்தால், இழக்கும் பிரீமியம் எக்கானமி வருமானத்தை ஈடுகட்ட ஒவ்வொரு முதல் வகுப்பு இருக்கையும், காலியாகப் போகும் நாட்களையும் சேர்த்து, புறப்பாட்டுக்குச் சராசரியாக 6,600 டாலர் கொண்டுவர வேண்டும். பத்தில் ஆறு இருக்கைதான் விற்கும் என்றால் டிக்கெட் ஒரு வழிக்கு 11,000. அங்குலத்தில் இது கடினமான பந்தயம். கிலோவில் அவ்வளவு கடினம் இல்லை: 29 பேர் குறைவதால் மிஞ்சும் எடை எதிர்க்காற்று நாட்களில் எரிபொருளாகவோ, மற்ற நாட்களில் சரக்காகவோ மாறும். தாங்கும் சுவர் என்று சொன்ன நடுக்கேபினை 94இலிருந்து 58ஆகக் குறைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடைசியாக, அட்டவணை போடுபவர்கள் மறந்துவிடும் ஒரு நாள். யூஎல்ஆர் ஒன்று பழுதாகி நின்றுவிட்டது, மாற்று விமானம் வேண்டும். கையில் இருப்பது வழக்கமான ஏ350; அதில் 42 பிசினஸ், 24 பிரீமியம் எக்கானமி. முழுக்க விற்ற 161 அமைப்பிலிருந்து மாறினால் 25 பிசினஸ் பயணிகளும் 70 பிரீமியம் எக்கானமி பயணிகளும் கீழ் வகுப்புக்கு இறங்க வேண்டும், அல்லது மறுநாள் போக வேண்டும், பணமும் திரும்பக் கொடுக்க வேண்டும். 132 அமைப்பு வந்தபின் முன்கேபினில் அந்த எண்ணிக்கை 25இலிருந்து 32ஆக ஏறும். அவர்களில் நால்வர் முதல் வகுப்பு வாங்கியவர்கள்.